தலைக்கணக்கும் தறிக்கணக்கும்



காஞ்சிபுரத்தில் எந்த ஆண்டு மலரைப் புரட்டினாலும் நம் ஊரின் கல்விப் பெருமைக்கு ஒரு பக்கமாவது ஒதுக்கியிருப்பார்கள். கதம்ப அரசை நிறுவிய மயூரசர்மன் முதலில் மாணவனாகத்தான் நம்மூர்க் கடிகைக்கு வந்தான். 7-ஆம் நூற்றாண்டில் சீனப் பயணி யுவான் சுவாங் இங்கே வந்து போனார். அப்பர் பெருமானே இந்த ஊரின் கல்வியைப் பாடியிருக்கிறார். எல்லாம் சரி, பெருமைப்பட்டுக் கொள்வோம், காசா பணமா? ஆனால் பிள்ளையார்பாளையத்து நெசவாளி வீட்டுப் பிள்ளை இன்றைக்கு எந்தப் பள்ளிக்கூடத்தில், எத்தனை வாத்தியாரோடு, என்ன வசதியோடு படிக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். மேடையில் இருப்பவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்து விடுவார்கள்!

நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். நம் அரசுப் பள்ளிகளுக்குத் தலையை எண்ணித்தான் பணமும் ஆளும் கொடுக்கிறார்கள். பிள்ளை குறைந்தால் பணம் குறையும். பணமும் ஆளும் குறைந்த பள்ளிக்கு எந்தப் பெற்றோர் பிள்ளையை அனுப்புவார்? அடுத்த ஜூனில் இன்னும் நாலு தலை குறையும். இது நோயாளிக்கு எடை குறையக் குறைய சாப்பாட்டையும் குறைக்கிற வைத்தியம்.

முதலில் நம்மூர்க் கதையைப் பார்ப்போம். கோர்வைச் சேலை நெய்யும் வீட்டுப் பிள்ளைகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். மூன்று நாடா ஓட வேண்டும். நெசவாளி ஒரு பக்கம் உட்கார்ந்தால், மறுபக்கத்துக் கரைக்கான நாடாவைப் போட இன்னொரு ஆள் வேண்டும். அந்த ‘இன்னொரு ஆள்’ ரொம்ப காலம் பல வீடுகளில் பத்து வயசுப் பிள்ளையாக இருந்தது. கூலி குறைவு, விரல் மெல்லிசு, எதிர்த்துப் பேசாது. அப்பன் முதலாளியிடம் முன்பணம் வாங்கியிருப்பார், அதைப் பிள்ளை உட்கார்ந்து கழிக்கும். கழியுமா? கழியாது. நடுவில் ஒரு காய்ச்சல், ஒரு காதுகுத்து, இன்னொரு முன்பணம்! 2003-ல் ‘ஹியூமன் ரைட்ஸ் வாட்ச்’ அமைப்பு இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைக் குழந்தைகளைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. அதில் வாரணாசியோடு நம் காஞ்சிபுரமும் இருக்கிறது. ஊர்ப் பெயர் உலகமெல்லாம் போவதில் இப்படியும் ஒரு வகை உண்டு.

சட்டம் இல்லாமல் இல்லை. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-லேயே வந்துவிட்டது. 2016-ல் அதைத் திருத்தி 14 வயதுக்கு உட்பட்ட யாரையும் எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது என்றார்கள். கூடவே, பள்ளி விட்ட பிறகும் விடுமுறையிலும் குடும்பத் தொழிலுக்குப் பிள்ளை உதவலாம் என்று ஒரு சன்னலையும் திறந்து வைத்தார்கள். வீட்டுக்குள்ளேயே குழித்தறி இருக்கிற ஊரில் அந்தச் சன்னல் எவ்வளவு பெரிசு என்று நமக்குத் தெரியும். இருந்தாலும், பிள்ளைகளைத் தறியிலிருந்து எழுப்பிப் பள்ளியில் உட்கார வைத்ததில் சட்டத்தைவிடச் சோற்றுக்குப் பங்கு அதிகம் என்பது என் கருத்து. 1956-ல் காமராஜர் தொடங்கிய மதிய உணவு, 1982-ல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவு, 2022 செப்டம்பர் 15-ல், அதாவது நம்மூர் அண்ணா பிறந்த நாளில், தொடங்கிய காலை உணவு. வயிறு நிறைந்தால் பிள்ளை உட்காரும்.

இங்கே ஒரு சின்ன வேடிக்கை. அண்ணா படித்தது பச்சையப்பன் பள்ளி. அறக்கட்டளைப் பள்ளி, அரசுப் பள்ளி அல்ல. அவர் பிறந்த நாளில் தொடங்கிய காலை உணவு, நகரங்களில் உள்ள அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்து சேர 2025 ஆகஸ்ட் ஆகிவிட்டது. பசிக்கு மானேஜ்மெண்டு தெரியுமா என்ன?

சரி, தறியிலிருந்து எழுந்த பிள்ளை எங்கே போனது? எங்கள் தெருவில் ஒரு பெரியவர் சொன்னார்: “தம்பி, நான் குழியில காலைத் தொங்கப்போட்டு முப்பது வருசம் ஓட்டிட்டேன். எம் பேத்தி டை கட்டிக்கிட்டு வேன்ல ஏறணும். அத நான் திண்ணையில உக்காந்து பாக்கணும்.” அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்றைக்குப் பிள்ளையை உட்கார வைக்க முன்பணம் வாங்கினார்கள். இன்றைக்குப் பிள்ளையின் ஃபீசைக் கட்ட முன்பணம் வாங்குகிறார்கள். கொரோனா வந்து கையில் காசில்லாதபோது அதே பெற்றோர் அரசுப் பள்ளிக்குத் திரும்பினார்கள். ‘அசர்’ ஆய்வின்படி, நாடு முழுவதும் கிராமப்புறத்தில் 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளில் அரசுப் பள்ளியில் படித்தவர்கள் 2018-ல் 65.6 சதவீதம், 2022-ல் 72.9 சதவீதம். வந்தவர்களை நிறுத்தி வைத்துக் கொள்ள அரசுப் பள்ளிக்குக் கிடைத்த பொன்னான வாய்ப்பு அது. கூடுதல் வாத்தியாரும் வகுப்பறையும் அந்த வருஷமே வேண்டும். வந்ததா?

இப்போது தலைக்கணக்குக்கு வருவோம். ‘சமக்ர சிக்‌ஷா’ என்கிற ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் ஆண்டுக்கு ஒரு மானியம் உண்டு. சாக்பீஸ், கரண்டு பில், குழாய் ரிப்பேர், சோதனைக்கூடச் சாமான் எல்லாம் இதில்தான். 2021-ல் புதுப்பித்த திட்ட விதிப்படி 30 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு 10,000 ரூபாய். 100 வரை 25,000. 250 வரை 50,000. ஆயிரம் வரை 75,000. அதற்கு மேல் ஒரு லட்சம். இதிலும் பத்தில் ஒரு பங்கைச் சுகாதாரத்துக்குச் செலவிட வேண்டும்.

கால்குலேட்டர் எடுங்கள். 31 பிள்ளைகள் உள்ள பள்ளியில் மூன்று பேர் டி.சி. வாங்கிப் போனால் மானியம் 25,000-லிருந்து 10,000. மாதத்துக்கு 833 ரூபாய்! மூன்று பிள்ளைகள் போனதால் கூரை ஒழுகுவது குறையுமா? மோட்டார் ஓடுவது குறையுமா? நம் சிவில் துறை நண்பர்களைக் கேட்டால் சொல்வார்கள், கட்டடத்துக்குத் தலை எண்ணத் தெரியாது.

வாத்தியார் கணக்கும் இதே ரகம். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டத்தின்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள், 61 ஆனால் மூன்று. ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர்! ஒருவர் தலைமையாசிரியர். அவர் பாதி நேரம் பதிவேட்டோடும் இணையதளத்தோடும் மல்லுக்கட்டுகிறார், மற்றவர் ஐந்து வகுப்பையும் ஒரே அறையில் வைத்துக்கொண்டு திண்டாடுகிறார். வேனில் ஏற்றி அனுப்பும் தாய் இதைத்தான் வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போகிறாள்.

இன்னொரு ஓட்டை அடிவாரத்தில் இருக்கிறது. தனியார் பள்ளி மூன்றரை வயதில் எல்.கே.ஜி.யில் பிள்ளையைப் பிடித்துக் கொள்கிறது. அரசுப் பள்ளி ஐந்து வயதுவரை காத்திருந்து, ஒன்றாம் வகுப்புக்கு வா என்கிறது. அதற்குள் பிள்ளை வேனுக்குப் பழகிவிடும். 2019 ஜனவரியில் தமிழக அரசு 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கியது. நல்ல காரியம். 2022-ல் அதை நிறுத்தப் போவதாகச் செய்தி வந்து, எதிர்ப்பு கிளம்பியதும் தொடரும் என்றார்கள். இப்படி ஆடுகிற ஏணியில் எந்தத் தாய் பிள்ளையை ஏற்றுவாள்?

அதே நேரம், கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டில் ஏழைப் பிள்ளைகளைத் தனியார் பள்ளியின் நுழைவு வகுப்பில் சேர்த்து, கட்டணத்தை அரசே கட்டுகிறது. அந்த இடம் கிடைத்த குடும்பத்துக்குச் சந்தோஷம்தான், நானும் வாழ்த்துகிறேன். ஆனால் பக்கத்துத் தெரு அரசுப் பள்ளியிலிருந்து ஒரு தலையைக் குறைக்க அரசே காசு கொடுக்கிறது, குறைந்த தலைக்காக அந்தப் பள்ளியின் மானியத்தையும் வெட்டுகிறது. ஒரே பையிலிருந்து இரண்டு கத்திரி!

பணமே நின்றுபோன கதையும் உண்டு. சமக்ர சிக்‌ஷா நிதியில் ஒன்றிய அரசு 60 பங்கு, மாநில அரசு 40 பங்கு. பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில், அதாவது 2020-ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கையை முழுதாக ஏற்கும் ஒப்பந்தத்தில், தமிழ்நாடு கையெழுத்துப் போடவில்லை என்று 2024-25-ஆம் ஆண்டுக்கான 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்தியது. 2025 மே மாதம் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 25 சதவீத ஒதுக்கீட்டுக் கட்டணமும் இந்தச் சிக்கலில் மாட்டி, அந்த வருஷச் சேர்க்கை அறிவிப்பே அக்டோபரில்தான் வந்தது. யார் பக்கம் நியாயம் என்பதில் நம் யூனியனிலேயே இரண்டு கட்சி உண்டு. (நான் எந்தக் கட்சி என்பது கேண்டீனில் எல்லோருக்கும் தெரியும்.) ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தறியிலிருந்து மீட்ட பிள்ளைகளுக்கென்று தனியாக இருந்த தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தை 2021-ல் இதே சமக்ர சிக்‌ஷாவோடு சேர்த்துவிட்டார்கள். டெல்லியும் சென்னையும் கையெழுத்துக்காகச் சண்டை போட்டால், பள்ளியை விட்டு நின்ற பிள்ளையைத் தேடிப் பிடிக்கிற காசும் அதே பூட்டுக்குள்தான். இரண்டு பக்கத்து வக்கீலும் இந்தப் பிள்ளைக்காக வாதாடியதாக எனக்குப் படவில்லை.

நமக்கு இதில் என்ன சம்பந்தம் என்பீர்கள். நம் வகுப்பில் எத்தனை பேர் அரசுப் பள்ளியில் பத்தாவது முடித்து நேராக இங்கே வந்தவர்கள்? புதுமைப்பெண் திட்டத்தில் 2022 முதல் மாணவிகளுக்கும், தமிழ்ப்புதல்வன் திட்டத்தில் 2024 முதல் மாணவர்களுக்கும் மாதம் 1,000 ரூபாய் என்று, நம் டிப்ளமோவுக்கும் சேர்த்துத்தான் அறிவித்தார்கள். பஸ்ஸுக்கும் டிராயிங் ஷீட்டுக்கும் அது எவ்வளவு பெரிய ஒத்தாசை என்று வாங்கியவர்களுக்குத் தெரியும். மறுக்கவில்லை. ஆனால் அது கரையேறியவனுக்குக் கொடுக்கும் துண்டு. ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தில் வெர்னியர் அளவி இருக்கிறது. அதை முதன்முதலாகக் கையால் தொட்டது நம் ஒர்க்‌ஷாப்பில்தான் என்று சொல்லும் நண்பர்கள் எத்தனை பேர்! ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் இண்டர்வியூவுக்கு உட்காரும்போது அந்த வித்தியாசம் பல்லிளிக்கிறது.

ஆகவே என் கட்சி இது. பள்ளி என்று ஒன்று இருந்தால், பிள்ளை எத்தனையானாலும் அதை நடத்த ஓர் அடிப்படைத் தொகை வேண்டும், அதற்கு மேல் தலைக்கு இவ்வளவு என்று கூட்டிக் கொடுக்கட்டும். தொடக்கப் பள்ளிக்கு வகுப்புக்கு ஓர் ஆசிரியர் வேண்டும். சேர்க்கை சரிகிற பள்ளிக்கு மூன்று வருஷமாவது மானியத்தையும் ஆளையும் குறைக்கக் கூடாது, கூட்ட வேண்டும். செலவாகுமே என்பார்கள். 2025-26 நிதிநிலை அறிக்கையில் பள்ளிக் கல்விக்கு 46,767 கோடி ரூபாய் ஒதுக்கிய மாநிலம் இது. அதில் சின்னப் பள்ளிக்கு மாதம் 833 என்பது சிக்கனம் இல்லை, கஞ்சத்தனம்.

பள்ளி மேலாண்மைக் குழுக்களை 2024-ல் மாற்றி அமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கொடுத்தார்கள். இது நம்மில் பலருக்குத் தெரியவே தெரியாது. உங்கள் பழைய பள்ளிக்கு ஒரு சனிக்கிழமை போய்த் தலைமையாசிரியரைப் பாருங்கள். எலெக்ட்ரிகல் பையன் ஃபேனையும் மோட்டாரையும் பார்க்கட்டும், கம்ப்யூட்டர் பெண்கள் மூலையில் தூசி படிந்த கணினியைத் திறந்து பார்க்கட்டும். ஆனால் ரிப்பேர் செய்து கொடுத்துவிட்டு டீ குடித்துவிட்டு வந்துவிடாதீர்கள். குழுவில் இடம் கேளுங்கள். இந்த வருஷம் எவ்வளவு பணம் வந்தது, எந்த மாதம் வந்தது, எத்தனை வாத்தியார் வேண்டும், எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி, கீழே உங்கள் கையெழுத்தையும் போட்டுவிட்டு வாருங்கள்.