கண்ணை மூடிக்கிட்டு /24 போடாதீங்க!

நெட்வொர்க்ஸ் லேப் வைவாவில் ஒரு கேள்வி கண்டிப்பா வரும். "/26-ல எத்தனை ஹோஸ்ட்?" 64-ல் 2 கழித்து, "62 சார்" என்று சொல்லி மார்க் வாங்கிவிடுவோம். ஆனால் அந்த மாஸ்க்கை வைத்து கம்ப்யூட்டர் என்ன செய்கிறது? அதை யாரும் கேட்பதில்லை, நாமும் யோசிப்பதில்லை.

எனக்கு அது புரிந்தது ப்ராஜெக்ட் ரிவ்யூவுக்கு முந்தின நாள் ராத்திரி. எங்கள் டீமின் லினக்ஸ் சர்வரை 192.168.10.20-லிருந்து 192.168.10.50-க்கு மாற்ற வேண்டும். ஹாஸ்டலில் இருந்தே லாகின் செய்து, அதே நெட்வொர்க் கார்டில் .50-ஐயும் /24 போட்டு சேர்த்தேன். பிங் போனது. .50 வழியாகவே திரும்ப லாகின் செய்து, பழைய .20-ஐ நீக்கினேன். ஸ்க்ரீன் அப்படியே நின்றுவிட்டது. .20 கூடவே .50-ம் காலி! லேப் பூட்டியாச்சு. காலையில் கதவு திறக்கும்வரை நாலு பேருக்கும் தூக்கம் இல்லை.

மெஷின் மேல தப்பு இல்லைங்க. ஒரே கார்டில், ஒரே சப்நெட்டில், அதே மாஸ்க்கோடு இரண்டாவது அட்ரஸ் கொடுத்தால் லினக்ஸ் அதை 'செகண்டரி' என்று குறித்துக்கொள்ளும். முதல் அட்ரஸை நீக்கினால் செகண்டரியும் சேர்ந்து போய்விடும். 'ப்ரமோட் செகண்டரீஸ்' என்ற செட்டிங் 1 என்று இருந்தால் மட்டும் அடுத்தது முதலிடத்துக்கு வரும். எங்கள் சர்வரில் அது 0.

மாஸ்க் என்பது வெறும் கணக்கு இல்லை. "இந்தத் தெருவில் இருப்பவர்கள் என் பக்கத்து வீட்டுக்காரர்கள், இவர்களை நேராகக் கூப்பிடு, மற்றவர்களுக்கு கேட்வே வழியாகப் போ" என்று மெஷினுக்கு நாம் சொல்லும் வார்த்தை அது. /24 போட்டால் ரவுட்டிங் டேபிளில் அந்தத் தெருவுக்கு ஒரு வரி விழும். அதே தெருவில் இரண்டாவது அட்ரஸ் என்றால், தெருவைப் பற்றி ஏற்கெனவே சொல்லியாச்சே! "இந்த அட்ரஸும் என்னுடையதுதான்" என்று மட்டும் சொன்னால் போதும். அதுதான் /32, அதாவது 255.255.255.255. ஃப்ரீபிஎஸ்டி கையேடே இந்த மாதிரி இடத்தில் அதைத்தான் பரிந்துரைக்கிறது. ஆனால் முதல் அட்ரஸையே பிறகு எடுக்கப்போகிறீர்கள் என்றால் /32 போதாது. தெருவுக்கான வரியும் அதோடு போய்விடும். என் கதையில் தேவைப்பட்டது /24-ம் அந்த செட்டிங்கும்தான்.

இரண்டாவது அட்ரஸ் வேறு நெட்வொர்க்கில் இருந்தால்? உதாரணமாக 10.5.0.7. அந்த நெட்வொர்க்கின் உண்மையான மாஸ்க் என்னவோ அதையே போடுங்கள். "10-ல ஆரம்பிக்குது, கிளாஸ் ஏ, அப்போ /8" என்று போட்டால், 10-ல் தொடங்கும் எல்லாமே பக்கத்து வீடு என்று மெஷின் நம்பிவிடும். தூரத்தில் இருப்பவனையும் ஏஆர்பி-யில் கூவிக் கூப்பிடும், பதில் வராது. சிஐடிஆர் வந்த 1993-லேயே கிளாஸ் கணக்கு முடிந்துபோனது. நம் நோட்ஸில்தான் இன்னும் உயிரோடு இருக்கிறது.

இன்னொரு வேடிக்கை. மாஸ்க்கே கொடுக்காமல் விட்டால், லினக்ஸில் பழைய 'ஐஎஃப்கான்ஃபிக்' கட்டளை கிளாஸைப் பார்த்து மாஸ்க் போட்டுக்கொள்ளும். புதிய 'ஐபி' கட்டளையோ /32 என்று எடுத்துக்கொள்ளும். நீங்கள் சொல்லாததை மெஷின் தன் இஷ்டத்துக்கு முடிவு செய்யும்.

"டிஹெச்சிபி இருக்கு, கிளவுட் இருக்கு, இதெல்லாம் எதுக்கு?" என்கிறீர்களா? அவை வேலை செய்யும்வரை தேவையில்லைதான். வேலை செய்யாத அன்று உங்களைத்தான் கூப்பிடுவார்கள்.

ஆசிரியர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். வைவாவில் ஹோஸ்ட் எண்ணிக்கையோடு இதையும் கேளுங்கள்: "இந்த மாஸ்க் போட்டால் ரவுட்டிங் டேபிளில் என்ன வரி சேரும்?" நண்பர்களே, நீங்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். லேப்டாப்பில் இரண்டு விர்ச்சுவல் மெஷின் போடுங்கள். அட்ரஸைச் சேருங்கள், நீக்குங்கள், ஒவ்வொரு தடவையும் டேபிளைப் பாருங்கள். அரை மணி நேரம்தான் ஆகும். ரிவ்யூவுக்கு முந்தின ராத்திரி கத்துக்கிறதை விட இது எவ்வளவோ மேல்!