கடைசிப் பந்திக்கு வந்தவர்கள்

கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் என்றதும் நம் வாசகர்கள் பலருக்கு 2022 ஜனவரி நினைவுக்கு வரும். பாகுபாட்டுக்கு எதிரான தன் கொள்கையில் சாதியையும் சேர்த்திருப்பதாக அது அறிவித்த மாதம் அது. அதற்குப் பின்னால் மாணவர்களின் போராட்டம் இருந்தது. இன்று பேச வேண்டியது அதே வளாகங்களின் இன்னொரு வாசலைப் பற்றி. வேறொரு கல்லூரியில் இரண்டாண்டு படித்துவிட்டு மூன்றாமாண்டில் வந்து சேரும் மாணவர், முதல் பருவத்துக்கான வகுப்புகளைப் பதிவுசெய்ய உட்காரும் நாளைப் பற்றி. பாலிடெக்னிக் முடித்து நேராக இரண்டாமாண்டு பொறியியலுக்குப் போன தோழர்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

அங்கே துறை முழுவதற்கும் ஒரே கால அட்டவணை கிடையாது. ஒவ்வொரு பருவமும் மாணவரே இணையத்தில் பாடம், நேரம், ஆசிரியர் பார்த்து இடம் பிடிக்க வேண்டும். முப்பது இருக்கை என்றால் முப்பதுதான். பதிவும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் திறப்பதில்லை. ஏற்கெனவே அங்கே படிப்பவர்கள் முந்தைய பருவம் முடியும் முன்பே பதிவுசெய்துவிடுகிறார்கள். மாறி வருபவர், பல வளாகங்களில் அறிமுக முகாம் முடிந்த பிறகுதான் பதிவுப் பக்கத்தையே திறக்க முடியும். அதற்குள் வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கத் தோதான வகுப்புகள் நிரம்பியிருக்கும். பட்டத்துக்குக் கட்டாயமான பாடத்தில் காத்திருப்போர் பட்டியல்தான் மிஞ்சும்.

கல்யாண வீட்டில் கடைசிப் பந்தியில் உட்கார்ந்தவருக்கு இது புரியும். இலை போடுவார்கள், சோறும் வரும். பாயசம் தீர்ந்திருக்கும். யாரும் உன்னைத் தடுக்கவில்லையே என்பார்கள்.

இடம் இருந்தாலும் சிக்கல் முடிவதில்லை. முன்பாடம் முடிக்கவில்லை என்று கணினி மறுக்கும். மாணவர் அந்தப் பாடத்தை முடித்துத் தேறியிருப்பார். பழைய கல்லூரியின் மதிப்பெண் சான்றிதழை புதிய வளாகம் இன்னும் மதிப்பிட்டு ஏற்றியிருக்காது, அவ்வளவுதான். மதிப்பிட்ட பிறகும் எல்லாக் கிரெடிட்டும் செல்லுபடியாவதில்லை. 2004 முதல் 2009 வரை நாடு முழுவதும் கல்லூரி மாறிய மாணவர்கள் சராசரியாகத் தங்கள் கிரெடிட்டில் 43 சதவீதத்தை இழந்தார்கள் என்று அமெரிக்க நாடாளுமன்றத்தின் கணக்காய்வு அமைப்பு 2017-இல் மதிப்பிட்டது. படித்ததையே காசு கட்டி மறுபடி படிப்பது என்று இதற்குப் பொருள். ஏழை மாணவர்களுக்கான பெல் உதவித்தொகை வாழ்நாளில் 12 முழுநேரப் பருவங்களுக்குத்தான். ஒரு பருவத்தில் 12 கிரெடிட்டுக்குக் கீழே போனால் தொகையும் குறையும். வகுப்பில் இடம் கிடைக்காத மாணவரின் வாடகை வரை இது போய்த் தொடுகிறது.

யார் இவர்கள்? 1960-இல் கலிஃபோர்னியா ஒரு உயர்கல்வித் திட்டம் போட்டது. பள்ளி முடித்தவர்களில் முதல் எட்டில் ஒரு பங்கினருக்குப் பெர்க்லி போன்ற வளாகங்கள், முதல் மூன்றில் ஒரு பங்கினருக்கு மாநிலப் பல்கலைக்கழகம், எல்லோருக்குமாக இரண்டாண்டுச் சமுதாயக் கல்லூரிகள். மூன்று படி. கீழ்ப்படியிலிருந்து மேலே ஏற வழி உண்டு என்பதுதான் அத்திட்டம் தந்த வாக்குறுதி. இன்று அங்கே 116 சமுதாயக் கல்லூரிகள். கட்டணம் குறைவு என்பதாலேயே லத்தீனோ, கறுப்பினப் பிள்ளைகளும், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வருபவர்களும் அங்கே திரள்கிறார்கள். இதைச் சாதி என்று நாம் சொல்லவில்லை, சாதி வேறு. ஆனால் படிக்கட்டைக் கட்டிவிட்டு, ஏறி வந்தவனை வாசலில் நிறுத்தும் வித்தை நமக்குப் பழக்கமானது.

முதலில் வந்தவருக்கு முதலிடம், இதில் என்ன அநீதி என்று கேட்பவர்கள் உண்டு. தகுதி என்ற சொல்லைத் தூக்கிக்கொண்டு வருபவர்களின் அதே குரல். வரிசை எல்லோருக்கும் பொதுதான். அதில் யார் எப்போது நிற்கலாம் என்பது யாரோ எழுதிய விதி. முன்னாள் ராணுவத்தினருக்கும் விளையாட்டு வீரர்களுக்கும் முன்பதிவு தர அதே விதியை வளைக்கத் தெரிந்திருக்கிறதே!

வகுப்பைத் தேர்ந்தெடுப்பது வெறும் அலுவலக வேலை என்று தோன்றலாம். அண்ணல் அம்பேத்கர் பள்ளியில் சமஸ்கிருதம் படிக்க விரும்பினார். தீண்டத்தகாதவர் என்று மறுக்கப்பட்டு, பாரசீகம் எடுக்க வேண்டியிருந்தது. 1913-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனவர் பொருளாதாரத்தில் மட்டும் 29 பாடங்கள் எடுத்தார். வரலாற்றில் 11, சமூகவியலில் 6. எந்த வகுப்பில் உட்காருவது என்பதை அங்கே அவரே முடிவுசெய்தார்.

ஒரே பாடத்துக்குக் கல்லூரிக்குக் கல்லூரி வேறு எண் இருக்கும் குழப்பத்தைத் தீர்க்க, சமுதாயக் கல்லூரிகளுக்குப் பொது எண் முறையைக் கலிஃபோர்னியா 2021-இல் சட்டமாக்கியது. நல்லது, போதாது. பதிவு நாளுக்கு முன்பே கிரெடிட் மதிப்பீட்டை முடிக்க வேண்டும். கட்டாயப் பாடங்களில் மாறி வருபவர்களுக்கென்று இருக்கைகளை ஒதுக்கி வைக்க வேண்டும். ஆம், இடஒதுக்கீடுதான். அந்தச் சொல்லுக்கு நாம் ஏன் கூச வேண்டும்?

அது வரும்வரை, இந்தப் பருவத்தில் அங்கே சேரும் தோழர்களுக்கு: பழைய மதிப்பெண் பட்டியலையும் பாடத்திட்டத் தாள்களையும் கையோடு வைத்திருங்கள். கணினி மறுத்தால் துறை அலுவலகத்துக்கே போய் அனுமதி கேளுங்கள். காத்திருப்போர் பட்டியலில் இருந்தாலும் முதல் நாள் வகுப்புக்குப் போய் உட்காருங்கள்; முதல் இரண்டு வாரத்தில் சிலர் விலகுவார்கள்.