மூலம் என்று முடிவு கட்டலாமா?

பகாவ், ரந்தாவ் வட்டாரத் தோட்டங்களில் மலத்தில் இரத்தம் கண்டால் ‘மூலம்’ என்று கூறி, நாட்டு மருந்தோடு முடித்துக்கொள்வோர் பலர். இவ்வழக்கத்தை நான் ஏற்பதற்கில்லை. 2012–2016 தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின்படி மலேசிய ஆண்களிடம் மிகுதியாகக் காணப்பட்டது பெருங்குடல், மலக்குடல் புற்றுநோயே.

இந்நோய் ஒரே வகையன்று. பெரும்பாலும் குடற்சுவரில் தோன்றும் சிறு தசைவளர்ச்சி, ஏறத்தாழப் பத்தாண்டுகளில் புற்றாகிறது; அதற்குள் கண்டால் எளிதில் அகற்றலாம். மலக்குடலில் என்றால் இரத்தம் கண்ணுக்குத் தெரியும். வலப்பக்கப் பெருங்குடலில் என்றாலோ பெரும்பாலும் சோகையும் களைப்பும்தாம் அறிகுறி. செம்பனை வேலைக் களைப்பென்று நாம் இருந்துவிடுவோம்! லிஞ்ச் போன்ற பரம்பரை வகை 50 வயதுக்கு முன்பே தாக்கக்கூடும். அக்குடும்பத்தார் இளமையிலேயே குடல் உள்நோக்கிச் சோதனை செய்துகொள்ளுதல் வேண்டும்.

50 வயதைக் கடந்தோர்க்கு அரசு சுகாதாரக் கிளினிக்குகளில் மலப் பரிசோதனை உண்டு. கூச்சமே தடை. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் பேசும் பொருளா இது என்றார் ஒருவர். பேரப்பிள்ளைகளை அழைத்துச் செல்ல வரும் தாத்தாக்களிடம் நான் கேட்கவே செய்வேன்: “சோதனை செய்துவிட்டீர்களா, ஐயா?”