மரத்தில் தொடங்கி மரத்திலேயே முடியும் கதை: அந்தமான் நிக்கோபார் வீரர்களும் அடைபட்ட வாசலும்

டெபோரா ஹெரால்டைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ஒரு மரத்திலிருந்தே தொடங்குகிறார்கள். 2004 டிசம்பர் 26 அன்று கார் நிக்கோபாரை ஆழிப்பேரலை தாக்கியபோது அவருக்கு வயது ஒன்பது. மரத்தைப் பற்றிக்கொண்டு நாள்கணக்கில் உயிர் பிழைத்த அச்சிறுமி, பின்னாளில் சைக்கிள் வீராங்கனையானார். கட்டுரைகள் இதை வியந்து, கைதட்டி, முடிந்துவிடுகின்றன. 2015-இல் பெண்களுக்கான 500 மீட்டர் நேரப் போட்டியின் உலகத் தரவரிசையில் அவர் நான்காம் இடத்தை எட்டினார். ஆனால் அப்போட்டி 2004 ஏதென்சுக்குப் பின் ஒலிம்பிக் பட்டியலிலேயே இல்லை. உலகில் நான்காம் இடத்தில் நின்ற ஒருவர் எந்த வாசலை நோக்கி மிதிக்கிறார் என்ற கேள்வியை எழுப்பியவர்கள் மிகச் சிலரே. மரம் எளிதாகக் கண்ணில் படுகிறது; வாசல் இல்லாமை படுவதில்லை.

எசோ ஆல்பெனின் கதையும் இதையே சொல்கிறது. 2018-இல் சுவிட்சர்லாந்தின் எய்கல் நகரில் நடந்த இளையோர் உலகப் போட்டியில் கெய்ரின் பிரிவில் அவர் வெள்ளி வென்றார். அடுத்த ஆண்டே ஜெர்மனியின் பிராங்பர்ட் ஆன் டெர் ஓடரில், மணிப்பூரின் ரொனால்டோ சிங், ரோஜித் சிங் ஆகியோருடன் இணைந்து அணி விரைவோட்டத்தில் தங்கம் வென்றார். உலக இளையோர் சாம்பியன் ஒருவரை நிக்கோபார் அளித்துவிட்டது. ஆயினும் 1964 டோக்கியோவுக்குப் பின் ஒலிம்பிக் சைக்கிள் போட்டியில் எந்த இந்தியரும் பங்கேற்றதில்லை. பதினெட்டு வயதில் உலகின் முதலிடம், இருபத்தைந்தை நெருங்கும்போது எங்கே கரைகிறது? திறமைக் குறை என்ற விடை இங்கே செல்லாது. இளமையில் இருந்த திறமைக்குப் பதக்கமே சான்று.

அவர் வெள்ளி வென்ற கெய்ரின், 1948-இல் ஜப்பானின் கொக்குரா நகரில் தொழில்முறைப் பந்தயமாகப் பிறந்தது. அங்கே பயிற்சிப் பள்ளியில் தேர்ந்து உரிமம் பெறும் வீரருக்கு அதுவே ஊதியம் தரும் தொழில். நம் நாட்டில் அதே ஆட்டத்தைக் கற்றவருக்கு மிஞ்சுவது விளையாட்டு ஒதுக்கீட்டில் ஓர் அரசு வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கை மட்டுமே.

அமெரிக்கக் கல்லூரிக் காற்பந்தின் நடைமுறையை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒரு கல்லூரியின் குவார்ட்டர்பேக் தொழில்முறை அணிக்குத் தேர்வாவாரா என்பது அங்கே ஊரறிந்த விவாதம். 1936 முதல் நடக்கும் டிராஃப்ட் முறையில் இன்று 32 அணிகள் ஏழு சுற்றுகளில் வீரர்களைத் தெரிவு செய்கின்றன. முந்தைய பருவத்தில் கடைசியில் நின்ற அணிக்கே முதல் வாய்ப்பு. பள்ளிப் படிப்பை முடித்து மூன்று ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. இம்முறையைப் போற்றிப் பாட வேண்டியதில்லை. கல்லூரி வீரர்கள் தம் பெயரையும் உருவத்தையும் கொண்டு பொருளீட்டுவதற்கு 2021 வரை தடை இருந்தது. உழைப்பு மாணவருடையது, வருவாய் பிறருடையது. ஆனால் மறுக்க முடியாத செய்தி ஒன்று உண்டு. வாசல் எது, அது எப்போது திறக்கும், அளவுகோல் என்ன என்பதை அங்குள்ள மாணவர் அறிவார். தேர்வாளர்கள் அவரைத் தேடிக் கல்லூரிக்கே வருகிறார்கள்.

இந்தியாவிலும் இச்சொல் புதிதன்று. இந்தியன் சூப்பர் லீக் 2014-லும் 2017-லும் உள்நாட்டு வீரர்களுக்கு டிராஃப்ட் நடத்தியது. அந்தமான் நிக்கோபாரைத் தாயகமாகக் கொண்ட அணி எதுவும் அந்த லீக்கில் இருந்ததில்லை. கார் நிக்கோபாரின் இன்னொரு சைக்கிள் வீரரும் 2022 பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் இந்தியாவுக்காக ஆடியவருமானவரின் பெயர் டேவிட் பெக்காம். காற்பந்தின் மீது அத்தீவு வைத்திருக்கும் காதலுக்கு அந்தப் பெயரே ஆவணம். அந்தக் காதலுக்கு வழி எதுவும் அமைக்கப்படவில்லை என்பதற்கும் அதுவே ஆவணம்.

இங்கே வழக்கமாக எழும் மறுப்பு, மக்கள்தொகை பற்றியது. 2011 கணக்கெடுப்பின்படி தீவுகளில் வாழ்வோர் ஏறத்தாழ 3.8 லட்சம் பேர்; இவ்வளவு சிறிய நிலத்திற்கு எத்தனை வாசல்தான் வைப்பது என்று கேட்கிறார்கள். இக்கேள்விக்குச் சைக்கிளே விடை. கார் நிக்கோபாரின் சமநிலத்தில் சைக்கிள் அன்றாட வாழ்வின் பகுதி. போர்ட் பிளேரில் இந்திய விளையாட்டு ஆணையத்தின் பயிற்சி மையம் அமைந்தது. இவ்விரண்டும் சேர்ந்தவுடன் பதக்கங்கள் வந்தன. எண்ணிக்கை குறைவு என்ற வாதம் அந்தத் தடத்திலேயே உதிர்ந்துவிட்டது.

இரண்டாவது மறுப்பு இன்னும் நுட்பமானது: சந்தை தன் வீரரைத் தானே கண்டெடுத்துக்கொள்ளும் என்பது. கார் நிக்கோபார் பழங்குடிப் பாதுகாப்புப் பகுதி. 1956-ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டப்படி வெளியார் அனுமதியின்றி நுழைய இயலாது. அந்தப் பாதுகாப்பு தேவையானது; அதைத் தளர்த்தக் கோருவது பெரும்பிழை. அப்படியானால் தனியார் கழகங்களின் தேர்வாளர்கள் தாமாக அங்கே வந்து குவியப் போவதில்லை. சந்தை நுழைய முடியாத இடத்தில் வாசல் அமைக்கும் கடமை அரசுக்கே உரியது. கதவை மூடி வைக்கும் சட்டம் அரசின் கையில் இருக்கும்போது, வழி அமைக்கும் பொறுப்பை மட்டும் சந்தையிடம் விடுவது நியாயமாகாது.

கல்வியுலகமும் இதில் குற்றமற்றதன்று. அந்தமான் என்றால் சிற்றறைச் சிறை, பழங்குடி மானிடவியல், ஆழிப்பேரலை ஆகிய மூன்று தலைப்புகளில் ஆய்வேடுகள் அடுக்கப்படுகின்றன. உயிரோடு ஓடிக்கொண்டிருக்கும் இளைஞரின் தொழில் வாழ்வு ஆய்வுப் பொருளாவது அரிது. விளையாட்டு ஒதுக்கீட்டில் ஓர் இடம் கொடுத்துவிட்டு வருகைப்பதிவு குறைந்ததென்று தேர்வெழுத விடாமல் தடுக்கும் கல்லூரி, அந்த இடத்தை ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறிக்கிறது. பயிற்சி முகாமோ டெல்லியில். சென்னையே தீவுகளிலிருந்து ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் கடல் தொலைவில். பதினாறு வயதில் ஊரை விட்டவர், பதக்கமும் இன்றிப் பட்டமும் இன்றித் திரும்பினால் அதற்கு யார் பொறுப்பு?

கேட்க வேண்டியவை தெளிவானவை. தேர்வு அளவுகோல்கள் முன்கூட்டியே வெளியிடப்பட வேண்டும். தேர்வாளர் குழு ஆண்டுதோறும் தீவுக்குச் செல்ல வேண்டும். முகாமில் கழியும் காலத்திற்கு ஈடாகப் பட்டப்படிப்பைத் தொடரும் உறுதி எழுத்தில் தரப்பட வேண்டும். காயமுற்றோ தேர்வாகாமலோ விலகுபவருக்கும் அந்த உறுதி செல்ல வேண்டும். வென்றவருக்கு மட்டும் நீளும் கையை ஒரு முறைமை என்று அழைக்க இயலாது.

பேரலையில் தப்பியது ஊழும் மன உறுதியும் சேர்ந்த செயல். அதன் பின் இருபது ஆண்டுகள் கடந்துவிட்டன. இனியும் ஒரு தலைமுறை தன் எதிர்காலத்தைத் தற்செயலாகக் கைக்கெட்டும் ஒரு மரத்தை நம்பித்தான் தேட வேண்டுமென்றால், அது இயற்கையின் சீற்றத்தால் நேர்ந்ததாகாது. கொள்கை வகுப்போரின் தேர்வாகும்.