முதல்ல மீட்டர், அப்புறம் ஸ்டேஜ் ஒன்

ட்ராக் டேக்குப் போறதுக்காகக் கார்ல காசு போடுற எல்லார்கிட்டயும் நான் சொல்றது ஒண்ணுதான். முதல் செலவு ஆயில் டெம்பரேச்சர் மீட்டருக்கு. எக்ஸாஸ்ட், ஏர் ஃபில்டர், ஸ்டேஜ் ஒன் ரீமேப், ஸ்டிக்கர் எல்லாம் அப்புறம். இதைச் சொன்னா ஆபீஸ்ல பசங்க என்னை ஒரு மாதிரி பாக்குறாங்க. இருபத்தெட்டு வயசுலயே 'பெருசு'ன்னு பட்டம் வாங்கியாச்சு :-) வாயால சொல்லி அலுத்துப் போச்சு, அதனால பதிவாவே போட்டுடறேன்.

கார்னா அலர்ஜின்னு சொல்ற நண்பர்களும் இங்க வர்றதால சின்னதா ஒரு விளக்கம். ட்ராக் டேங்கிறது பந்தயம் இல்ல. ரேஸ் ட்ராக்கை ஒரு நாளைக்கு வாடகைக்கு எடுப்பாங்க. ஆளாளுக்குத் தன்னோட காரையோ பைக்கையோ கொண்டு வந்து, பதினஞ்சு இருபது நிமிஷ செஷனா முறை வச்சு ஓட்டிப் பாக்கலாம். நம்ம மாநிலத்துக்கு இதுல கொடுப்பினை ஜாஸ்தி. சோழவரத்துல பழைய விமான ஓடுதளத்துல ரேஸ் விட்ட காலம் போய், 1990-லேர்ந்து ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில நிரந்தர ட்ராக் இருக்கு. ஒரு சுத்து 3.7 கிலோமீட்டர். கோவை செட்டிபாளையத்துல கரிவரதன் பேர்ல கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கு. அது சின்னது, ரெண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல. 2024 ஆகஸ்ட் கடைசியில சென்னைத் தீவுத்திடலைச் சுத்தி ராத்திரியில விளக்குப் போட்டுத் தெருப் பந்தயமே நடத்திட்டாங்க. பாத்த பசங்களுக்குக் கை துறுதுறுங்காம என்ன செய்யும்? மாசச் சம்பளத்துல ஒரு டர்போ கார், அதுக்கு ஒரு ரீமேப், நேரா ட்ராக். இந்த வரிசையிலதான் எனக்குத் தகராறு.

சரி, மேட்டருக்கு வருவோம்.

வருசநாட்டு ஜீப்பும் தண்ணி கேனும்

எனக்கு ஊர் வருசநாடு. எங்க பக்கம் வண்டின்னா ஜீப்தான். வாலிப்பாறை தாண்டி அரசரடி, வெள்ளிமலைப் பக்கம் ஏறுறதும் ஜீப்பு. போடியிலேர்ந்து மெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏத்திட்டுப் போறதும் ஜீப்பு. உள்ள பத்துப் பேர், பின்னால தொங்கிக்கிட்டு ரெண்டு பேர், மேல மூட்டை. முதல் கியர், ரெண்டாவது கியர்லயே மணிக்கணக்கா ஏறும். ஓட்டுற அண்ணன்களுக்கு எஞ்சின் சூடுன்னா தண்ணிதான். கால்கிட்ட எப்பவும் ஒரு கேன் தண்ணி இருக்கும். முள்ளு ஏறுனா ஓரங்கட்டி, பானெட்டைத் தூக்கி வச்சிட்டு, ஒரு பீடியைப் பத்த வச்சிட்டு, ஆறுனதுக்கப்புறம்தான் ரேடியேட்டர் மூடியில கை வைப்பாங்க.

அது அவங்களுக்குச் சரியான ஞானம். மலை ஏத்தத்துல பாரம் அதிகம், வேகம் கம்மி, எதிர்க்காத்து கிடையாது. ரேடியேட்டர்தான் முதல்ல திணறும். அதனால தண்ணியைப் பாத்தாப் போதும். நாம எல்லாருமே கார் ஓட்டக் கத்துக்கிட்டது இந்த ஞானத்துலதான். அப்பா, மாமா, டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர், யாரு சொல்லிக் கொடுத்திருந்தாலும் 'டெம்பரேச்சர் முள்ளைப் பாருப்பா'ன்னா அது தண்ணி முள்ளுதான்.

ட்ராக்ல கதை தலைகீழ். மணிக்கு நூறு, நூத்தி இருபதுல போகும்போது ரேடியேட்டருக்குக் காத்து கொள்ளைக்குக் கிடைக்குது. தண்ணி சமர்த்தா 90, 95 டிகிரியில நிக்கும். ஆனா எஞ்சின் ஆறாயிரம் சுத்துலயே கிடக்கு. பேரிங் உள்ள ஆயில் உரசி உண்டாகுற வெப்பம் சுத்தோட வர்க்கத்துல ஏறும். அதாவது சுத்து ரெண்டு மடங்கானா அந்த வெப்பம் ஏறக்குறைய நாலு மடங்கு. பல எஞ்சின்கள்ல பிஸ்டனோட அடிவயித்துக்கு ஆயிலைப் பீச்சித்தான் குளிர வைக்கிறாங்க, அந்தச் சூடும் ஆயில்லதான் சேரும். டர்போ இருந்தா அதோட பேரிங்குக்கும் இதே ஆயில்தான். இத்தனையையும் வாங்கிக்கிட்டு சம்ப்ல வந்து விழுற ஆயிலுக்கு, சாதாரண ரோட்டுக் கார்ல ரேடியேட்டர் மாதிரி தனியா ஒண்ணும் கிடையாது. இருந்தா, தண்ணியோட வெப்பத்தை மாத்திக்கிற கைக்கடக்கமான ஒரு பெட்டி இருக்கும். பல்சர் 220 பைக்குக்கே ஆயில் கூலர் மாட்டித்தான் வித்தாங்க, பல கார்களுக்கு அது கிடையாதுங்கிறதை மனசுல வச்சுக்குங்க.

இன்னொரு கூத்து, அந்தத் தண்ணி முள்ளே முழு உண்மை பேசாது. பல கார்கள்ல 75, 80-லேர்ந்து நூத்திச் சொச்சம் வரைக்கும் முள்ளு நடுவுலயே அசையாம நிக்கிற மாதிரி வேணும்னே புரோகிராம் பண்ணியிருப்பாங்க. முள்ளு லேசா ஆடுனாக்கூட ஆளுங்க பயந்து சர்வீஸ் சென்டருக்கு ஓடி வந்துடுவாங்கன்னுதான். சாஃப்ட்வேர்காரனா எனக்கு அந்தக் கோடு எழுதினவன் மேல கோபம் இல்ல. அவன் ரோட்டுல போற வண்டிக்கு எழுதினான், நாமதான் அதை ட்ராக்குக்கு ஓட்டிட்டுப் போறோம்.

ஆயில் சூடானா என்னதான் ஆகும்?

ஆயிலோட வேலை ரெண்டு இரும்பு ஒண்ணோட ஒண்ணு தொடாமப் பாத்துக்கிறது. சூடு ஏற ஏற அது தண்ணியா இளகும். இளகுனா நடுவுல இருக்கிற படலம் மெலியும், ஆயில் பிரஷர் இறங்கும். 5டபிள்யூ-30ல கடைசி 30ங்கிறது சூட்டுல அதோட கெட்டித்தன்மை. 150 டிகிரியில, பேரிங்குல நசுங்குற நிலைமையில, குறைஞ்சது இவ்வளவு கெட்டி இருக்கணும்னு எஸ்.ஏ.ஈ. ஒரு அளவு வச்சிருக்கு. 30க்கு 2.9, 5டபிள்யூ-40க்கு 3.5. இப்ப மைலேஜுக்காக ஆயிலை மெலிசாக்கிட்டே வர்றாங்க. மாருதியோட புது பெட்ரோல் எஞ்சின்கள் பலதுக்கு 0டபிள்யூ-16தான் ஊத்தச் சொல்றாங்க. 16க்கு அந்த அளவு 2.3தான். ஆபீஸ் போய் வர அது அருமையான ஆயில். ட்ராக்ல இருபது நிமிஷம் மிதிக்கிறதுக்காக யோசிச்சு வச்சது இல்ல.

இன்னொண்ணு, ஆயில் கெட்டுப் போற வேகம். பத்து டிகிரி கூடுனா ஆக்சிஜனோட சேந்து கெடுற வேகம் ரெண்டு மடங்காகும்னு ஒரு தோராயக் கணக்கு உண்டு. 100 டிகிரியில இருந்ததை விட 140-ல பதினாறு மடங்கு வேகத்துல கெடுது. ஒரு நாள் ட்ராக்ல ஆயில் படுற பாட்டை ஓடோமீட்டர் கிலோமீட்டரை வச்சு அளக்க முடியாது.

ஒரு உபரித் தகவல். அந்தக் காலத்துல ரேஸ் எஞ்சினுக்கு ஊத்தினது நம்ம விளக்கெண்ணெய்! ஆமணக்கு எண்ணெய் சூட்டுல படலம் விடாது. 1909-ல வந்த காஸ்ட்ரால்ங்கிற பேரே ஆமணக்குக்கு இங்கிலீஷ்ல இருக்கிற பேர்லேர்ந்து வந்ததுதான். ஆனா அது சீக்கிரம் பிசினாயிடும், அடிக்கடி எஞ்சினைப் பிரிச்சுக் கழுவணும். ஆயில் சூட்டோட மல்லுக்கட்டுறது நூறு வருஷத்துக்கும் மேலான சண்டைங்க, நேத்து யூட்யூப்ல கிளம்புனது இல்ல.

என்னோட கோடு

நல்ல சிந்தெடிக் ஆயில் ஊத்துன ரோட்டுக் காருக்கு நான் வச்சிருக்கிற கணக்கு இது. உங்க கார் கம்பெனி வேற சொல்லியிருந்தா அதைக் கேளுங்க.

80 டிகிரிக்குக் கீழ: மிதிக்காதீங்க. தண்ணி முள்ளு நடுவுக்கு வந்த பிறகும் ஆயில் சூடாக இன்னும் பல நிமிஷம் ஆகும். பி.எம்.டபிள்யூ. ஈ46 எம்3-ல ஆர்.பி.எம். மீட்டரைச் சுத்தி மஞ்சள் விளக்குகள் எரியும், ஆயில் சூடாகச் சூடாக ஒவ்வொண்ணா அணையும். அந்த விளக்கு எரியுற சுத்துக்கு மேல போகாதேன்னு அர்த்தம். கம்பெனிக்காரனே அவ்வளவு கவலைப்பட்டிருக்கான்.

90 முதல் 120: நிம்மதியா ஓட்டுங்க.

120 முதல் 130: ஓட்டலாம், ஆனா ஒவ்வொரு நேர்கோட்டுலயும் ஒரு கண்ணு மீட்டர் மேல இருக்கணும்.

130 தாண்டுச்சு: ஒரு சுத்து ஆற விடுங்க. ஒரு கியர் மேல போடுங்க, நாலாயிரத்துக்குக் கீழயே வச்சுக்குங்க. முன்னாடி போறவர் பம்பரை ஒட்டிப் போகாதீங்க, அவர் விடுற வெந்த காத்துதான் உங்க ரேடியேட்டருக்கு வரும். பின்னாடி வர்றவருக்கு வழி விடுங்க.

140: அன்னைக்கு அந்த செஷன் முடிஞ்சது. பிட்டுக்கு வாங்க.

இருங்காட்டுக்கோட்டையில ஒரு ரோட்டுக் காருக்கு ஒரு சுத்து ரெண்டு நிமிஷத்துக்கு மேல ஆகும். இருபது நிமிஷத்துல எட்டு சுத்து கிடைக்கும்னு வைங்க. எட்டையும் முழு மிதியா மிதிக்கணும்னு எந்தச் சட்டமும் இல்ல. ஒண்ணு சூடேத்த, மூணு மிதிக்க, ஒண்ணு ஆற, ரெண்டு மிதிக்க, கடைசி ஒண்ணு ஆற. இந்தத் தாளத்துல ஓட்டுனா பாதிப் பிரச்னை பைசா செலவில்லாம தீரும். உள்ள வந்ததும் படக்குனு ஆஃப் பண்ணாதீங்க, கொஞ்ச நேரம் ஐடில்ல விட்டு பானெட்டைத் திறந்து வைங்க. ஜீப் அண்ணன்கள் செய்ற அதே வேலைதான், பீடி மட்டும் வேணாம் :-)

வழக்கமா வர்ற மூணு எதிர்க்கேள்வி

'கெட்டி ஆயில் ஊத்திட்டாப் போச்சே?' கம்பெனி கையேடு அனுமதிச்சா ஒரு படி மேல போகலாம், தப்பில்ல. ஆனா கெட்டி ஆயில் உரசல்ல இன்னும் அதிகமா சூடாகும், காலையில ஸ்டார்ட் பண்ணும்போது மேல ஏற நேரம் எடுக்கும். காய்ச்சலுக்குக் கம்பளி போத்துற வைத்தியம் அது.

'ஆயில் கூலர் போட்டுட்டாப் போச்சே?' போடுங்க, நல்லது. தெர்மோஸ்டாட் உள்ளதாப் போடுங்க. அது இல்லைன்னா ஊருக்குத் திரும்பி வர்ற ஹைவேயில ஆயில் சூடே ஆகாது, உள்ள சேர்ற ஈரமும் பெட்ரோலும் ஆவியாகாம ஆயில்லயே தங்கிடும். ஹோஸ் வேலையை யார் செய்றாங்கன்னு பாருங்க. கழண்டு போற ஹோஸை விட கூலர் இல்லாததே மேல். மீட்டர் இல்லாம கூலர் போட்டா அது வேலை செய்யுதா இல்லையான்னே தெரியாது.

'அதான் ஆயில் லைட் இருக்கே?' அந்தச் சிவப்பு லைட் சூட்டுக்கு இல்ல, பிரஷருக்கு. அதுவும் பிரஷர் கிட்டத்தட்ட ஒண்ணுமே இல்லாதப்பதான் எரியும். ஆறாயிரம் சுத்துல அது எரிஞ்சா பேரிங் கதை முடிஞ்சதுன்னு வைங்க.

மீட்டர் போடுறது பெரிய வித்தையும் இல்ல. ஆயில் ஃபில்டருக்கு அடியில ஒரு தட்டு வச்சு அதுல சென்சார் மாட்டலாம். சில கார்கள்ல ஸ்க்ரீன்லயே காட்டும். ஓ.பி.டி. பிளக் வச்சிருக்கிறவங்க 5சி-ங்கிற எண்ணைக் கேட்டுப் பாருங்க, வர்ற எண்ணுல 40 கழிச்சா ஆயில் டிகிரி. பல கார்கள் பதிலே சொல்லாது. சில கார்கள் சென்சாரே இல்லாம கணக்குப் போட்டு ஒரு எண்ணைச் சொல்லும். அப்படின்னா அதை நம்பி இறங்காதீங்க. கிளம்புறதுக்கு முன்னாடி டிப்ஸ்டிக்கை மேல் கோட்டுல வச்சுக்குங்க, அதுக்கு மேலயும் வேணாம். நீள வளைவுல ஆயில் ஒதுங்கும்போது குறைஞ்ச ஆயில்தான் முதல்ல காலை வாரும்.

கடைசியா ஒண்ணு. 'என் கார், என் எஞ்சின், உனக்கென்ன'ன்னு கேக்குறவங்களுக்கு. ட்ராக்குல மஞ்சள்ல சிவப்புக் கோடு போட்ட கொடி ஒண்ணு இருக்கு. ரோடு வழுக்குது, ஆயில் கொட்டியிருக்கலாம்னு அர்த்தம். அதுக்குன்னே தனியா ஒரு கொடி வச்சிருக்காங்கன்னா எத்தனை பேர் அனுபவிச்சிருப்பாங்கன்னு பாத்துக்குங்க. ஒரு எஞ்சின் வெடிச்சா கொட்டுறது நாலு லிட்டர் ஆயில். கொடி ஆட்டுறவர் பாத்து எடுத்து ஆட்டுறதுக்கு முன்னாடியே பின்னாடி வர்றவர் வளைவுல இருப்பார். கார்ல வந்தா சுத்தி மணல்ல போய் நிப்பார். பைக்குல வந்தா?

நான் போன ட்ராக் டே எல்லாத்துலயும் காலையில ஹெல்மெட்டைத் தட்டிப் பாக்குறாங்க, டயரைப் பாக்குறாங்க, கொடிப் பாடம் நடத்துறாங்க. நல்ல விஷயம். 'உன் ஆயில் எத்தனை டிகிரி ஓடும்'னு ஒருத்தர் கேட்டதில்ல. நடத்துறவங்க அந்தக் கேள்வியையும் சேத்துக்கணும்னு ஆசைப்படறேன். ரீமேப் பண்ணின வண்டி மீட்டர் இல்லாம வந்தா மூணு சுத்துக்கு ஒரு தடவை கட்டாயம் உள்ள கூப்பிடுங்க, கோவிச்சுக்கட்டும்.

அதே சமயம், இதையெல்லாம் படிச்சிட்டு 'ட்ராக்ல இவ்வளவு தொல்லையா, பேசாம போடிமெட்டுலயே ஓட்டிக்கிறேன்'னு கிளம்பிடாதீங்க சாமி. அங்க எதிர்ல ஆள் ஏத்தின ஜீப்பு வரும். வேகம் வேணும்னா ட்ராக்குக்கே போங்க, மீட்டரோட போங்க.

ட்ராக் போன நண்பர்கள் உங்க கார் எத்தனை டிகிரி காட்டுச்சுன்னு காரோட பேர், ஆயில் கிரேடு போட்டுப் பின்னூட்டத்துல சொல்லுங்க. நாலு பேருக்கு உதவும்.