தொண்டை கட்டினால் மூன்று வாரம்தான் கெடு!

“தொண்டை கட்டிக்கிட்டு ரெண்டு மாசமாச்சு. பனங்கற்கண்டு பால் குடிச்சேன், மிளகு கடிச்சேன், சரியாகலை.” ரங்கநாதன் தெருவில் நாள் முழுக்கக் கூவி விற்பவர், மயிலாப்பூர் பள்ளி டீச்சர், அடையாறில் பாட்டு வகுப்பு எடுக்கும் மாமி... யாராக இருந்தாலும் இதே வசனம்தான்.

ஒரு விஷயம் தெரியுமா? நாம் விழுங்கும் பால் குரல் நாண்களைத் தொடுவதே இல்லை. அது உணவுக்குழாயில் போய்விடும். குரல் நாண்கள் இருப்பதோ மூச்சுக்குழாயின் வாசலில், குரல்வளைக்குள். விழுங்கும்போது அந்த வாசல் மூடிக்கொள்ளும். தவறி ஒரு சொட்டு உள்ளே போனால்தான் புரையேறுகிறது. பால் இதமாக இருக்கும், குடிக்கலாம். அதையே மருந்தாக நம்பி நாளைக் கடத்தக் கூடாது.

நாண் என்றாலும் அது வீணைத் தந்தி போன்ற கம்பி அல்ல. சவ்வு மூடிய இரண்டு தசை மடிப்புகள். பெரியவர்களுக்கே ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் நீளம்தான். மூச்சு விடும்போது விலகி நிற்கும். பேசும்போது நெருங்கி வந்து, நுரையீரலிலிருந்து வரும் காற்றில் அதிரும். ஆண்களுக்கு விநாடிக்கு 100 முறைக்கு மேல், பெண்களுக்கு சுமார் 200 முறை. ஒரு டீச்சர் இடைவிடாமல் ஒரு மணி நேரம் பேசினால் ஏழு லட்சம் மோதல்! கத்திக் கத்திப் பேசினால், உள்ளங்கை காய்த்துப்போவதுபோல அங்கே முடிச்சு விழும். ஆரம்பத்திலேயே வந்தால் பெரும்பாலும் ஓய்வும் குரல் பயிற்சியுமே போதும்.

இந்த மடிப்புகளை இயக்கும் நரம்புகளில் இடப்பக்க நரம்பு, நெஞ்சுக்குள் இறங்கி, இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறுகிறது. அதனால் தைராய்டு, நுரையீரல் கோளாறுகூட முதலில் குரலில் தெரியலாம்.

கழுத்தில் படும் அடி குரலை என்ன செய்யும் என்பதற்கு நாம் அறிந்த சாட்சி எம்.ஜி.ஆர். 1967 ஜனவரி 12 அன்று வீட்டில் சுடப்பட்டவரை ராயப்பேட்டை மருத்துவமனைக்கும், அங்கிருந்து பொது மருத்துவமனைக்கும் கொண்டுபோனார்கள். உயிர் பிழைத்தார். படுக்கையில் இருந்தபடியே பரங்கிமலைத் தொகுதியில் ஜெயித்தார். பழைய குரல் மட்டும் திரும்பவில்லை. அதே ஆண்டு வந்த ‘காவல்காரன்’ படத்தில் அந்த மாற்றத்தைக் கேட்கலாம்.

அவருக்கு நேர்ந்தது குண்டுக் காயம். நமக்கு வரும் பல பிரச்னைகள் நேரத்தோடு பார்த்தால் சரியாகக்கூடியவை. சளி, ஜுரத்தோடு வரும் கரகரப்பு ஒன்றிரண்டு வாரத்தில் போய்விடும். மூன்று வாரம் தாண்டினால் இ.என்.டி. டாக்டரிடம் போயே ஆக வேண்டும். குறிப்பாக புகை, மது, புகையிலைப் பழக்கம் உள்ளவர்கள். குரல் நாணில் வரும் புற்றுநோய் ஆரம்பத்திலேயே குரலை மாற்றிக் காட்டிக்கொடுத்துவிடும். அப்போதே பிடித்தால் குணமாக்கும் வாய்ப்பு மிக அதிகம். மூச்சுத்திணறல், எச்சிலில் ரத்தம், விழுங்கச் சிரமம், கழுத்தில் கட்டி இருந்தால் மூன்று வாரமும் காத்திருக்க வேண்டாம்.

பரிசோதனைக்குப் பயமும் வேண்டாம். 1854-ல் மானுவல் கார்சியா என்ற பாட்டு வாத்தியார் சிறு கண்ணாடிகளை வைத்தே தன் குரல் நாண்களைப் பார்த்துவிட்டார். இன்று மெல்லிய கேமரா குழாயில் சில நிமிட வேலை.

அதுவரை தண்ணீர் நிறையக் குடியுங்கள். அடிக்கடி செருமாதீர்கள். குரலுக்கு ஓய்வு என்று கிசுகிசுப்பாகவும் பேசாதீர்கள், அதுவும் சிரமம்தான். மௌனமே நல்லது.

பனங்கற்கண்டு பால் குடியுங்கள். கூடவே காலண்டரையும் பாருங்கள்!