அந்நிய ரத்தமே மருந்து

'நம்ம ரத்தம்', 'சுத்த ரத்தம்', 'ரத்தக் கலப்பு' என்ற சொற்களைச் சாதிச் சங்க மேடைகளில் கூச்சமே இல்லாமல் பேசுகிறார்கள். அந்தப் பேச்சின் கடைசிப் புள்ளிதான் சாதி ஆணவப் படுகொலை. ரத்தத்தின் பெயரால் பெற்ற பிள்ளையையே வெட்டத் துணிகிறவர்கள், அந்த ரத்தம் உடலில் எங்கே, எப்படி உண்டாகிறது என்று ஒருமுறையாவது படித்ததுண்டா? ரத்தப் புற்றுநோய்க்குச் செய்யப்படும் ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சையைப் பற்றித் தெரிந்துகொண்டால், சுத்த ரத்தம் என்ற கதை அங்கேயே சாய்ந்துவிடும்.

எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில் ரத்த ஸ்டெம் செல்கள் இருக்கின்றன. சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு எல்லாம் அவற்றிலிருந்தே பிறக்கின்றன. இந்த உற்பத்திச் சாலையில் புற்று புகுந்தால், மருந்தாலோ கதிர்வீச்சாலோ பழைய மஜ்ஜையை அழித்துவிட்டு வேறொருவரின் ஸ்டெம் செல்களை ஏற்றுகிறார்கள். சாதாரணமாக ரத்தம் ஏற்றுவதைப் போல நரம்பு வழியாகத்தான். அவை தாமாகவே வழி கண்டுபிடித்து எலும்புக்குள் போய்க் குடியேறி, சில வாரங்களில் புது ரத்தத்தை உண்டாக்கத் தொடங்குகின்றன. இந்தியாவில் 1983இல் மும்பை டாடா நினைவு மருத்துவமனையிலும், 1986இல் வேலூர் சி.எம்.சி.யிலும் இந்தச் சிகிச்சை தொடங்கியது.

'நம் ரத்தமே நமக்கு நல்லது' என்பது உண்மையானால், ஒட்டிப் பிறந்ததைப் போல ஒரே மரபணு கொண்ட இரட்டையரின் மஜ்ஜைதான் மிகச் சிறந்த மருந்தாக இருக்க வேண்டும். 1959இல் அமெரிக்க மருத்துவர் டொனால் தாமஸ் அதையே செய்தார். ரத்தப் புற்றுநோயாளிகளுக்கு அவர்களுடைய ஒத்த இரட்டையரின் மஜ்ஜையை ஏற்றினார். மஜ்ஜை பிடித்துக்கொண்டது. ஆனால் சில மாதங்களில் புற்று திரும்பி வந்தது. தாமஸ் இந்தத் துறைக்காக 1990இல் நோபல் பரிசு பெற்றார். அதே ஆண்டில் 2,254 நோயாளிகளின் விவரங்களை ஆராய்ந்து வெளியான ஆய்வு, ஒத்த இரட்டையரிடமிருந்து மஜ்ஜை பெற்றவர்களுக்கே புற்று கூடுதலாகத் திரும்புகிறது என்பதை உறுதி செய்தது.

காரணம் எளிமையானது. சொந்த உடலின் காவல் அணுக்கள் புற்றணுவையும் 'நம்ம ஆள்' என்று விட்டுவிடுகின்றன. வெளியிலிருந்து வந்த அணுக்கள் அதை வேற்றாளாக அடையாளம் கண்டு கொல்கின்றன. அதே வேகத்தில் அவை நோயாளியின் நல்ல உறுப்புகளையும் தாக்கக்கூடும். அதைக் கட்டுக்குள் வைக்கவே எச்.எல்.ஏ. என்ற திசுப் பொருத்தம் பார்க்கிறார்கள். பொருத்தம் வேண்டும், ஆனால் வேற்றுமையும் வேண்டும். அந்த வேற்றுமையும் மருந்தின் ஒரு பகுதி.

சிகிச்சை வெற்றி பெற்றால் நோயாளியின் ரத்த வகையே கொடையாளியின் வகைக்கு மாறிவிடும். அவருடைய வெள்ளையணுவின் மரபணுவைச் சோதித்தால் கொடையாளியின் மரபணுதான் தெரியும். இனி அவர் உடலில் ஓடுவது எந்தச் சாதி ரத்தம்? சாதிச் சான்றிதழில் என்ன திருத்தம் செய்வீர்கள்?

ஏப்ரல் 14க்கும் செப்டம்பர் 17க்கும் தோழர்களோடு சேர்ந்து பல ஆண்டுகளாக ரத்ததான முகாம் நடத்தி வருகிறேன். ஒருமுறை, குழந்தைக்கு ரத்தம் கேட்டு வந்த ஒருவர் என்னைத் தனியாக அழைத்து, "நம்ம ஆளுங்க ரத்தமா பாத்துக் குடுங்க தோழர்" என்றார். "பையில வகையும் தேதியும்தான் ஒட்டியிருக்கும், வேற ஒண்ணும் எழுதுறதில்ல" என்றேன். வாங்கிக்கொண்டு போனார், பிள்ளையும் பிழைத்தது. உயிர் என்று வரும்போது சாதி வாயை மூடிக்கொள்ளும் என்பதை அப்படிப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இந்தச் 'சொந்த ரத்த' மயக்கத்தை வைத்து வியாபாரமும் நடக்கிறது. பிறந்த குழந்தையின் தொப்புள்கொடி ரத்தத்தைப் பணம் கட்டிச் சேமித்து வையுங்கள், நாளை உங்கள் பிள்ளைக்கு உதவும் என்று தனியார் வங்கிகள் கர்ப்பிணிகளைத் துரத்துகின்றன. தலசீமியா போன்ற மரபுநோய் வந்தால், அதே குறையுள்ள மரபணு அந்தச் சேமிப்பிலும் இருக்கும். குழந்தைப் பருவ ரத்தப் புற்றின் முதல் விதை பிறக்கும்போதே அந்த ரத்தத்தில் இருந்திருக்கவும் கூடும். தன் பிள்ளைக்கென்றே சேமிப்பதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. குடும்பத்தில் மூத்த பிள்ளைக்கு இச்சிகிச்சை தேவைப்படும் நோய் இருந்தால் மட்டுமே அதில் பொருள் உண்டு. பூட்டி வைத்தால் பயனற்றது; பொதுவில் வைத்தால் யாரோ ஒரு பிள்ளைக்கு உயிர்.

"ஒரே சமூகத்தில்தானே பொருத்தம் எளிதில் கிடைக்கும்? அப்படியானால் சாதி சரிதானே?" என்று சிலர் கேட்கலாம். பொது முன்னோர் கொண்டவர்களிடையே பொருத்தத்துக்கு வாய்ப்புக் கூடுதல் என்பது உண்மை. ஆனால் உடன்பிறந்தவரிடையேகூட முழுப் பொருத்தம் நாலில் ஒரு வாய்ப்புத்தான். அகமணமே சாதியின் உயிர்நாடி என்று 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில் அம்பேத்கர் காட்டினார். அந்த அகமணம் உடலுக்குச் செய்ததை அறிவியல் இன்று அளந்திருக்கிறது. ஐதராபாத் சி.சி.எம்.பி.யின் குமாரசாமி தங்கராஜும் ஹார்வர்டின் டேவிட் ரைக்கும் சேர்ந்து 2017இல் வெளியிட்ட ஆய்வு, தெற்காசியாவின் 260க்கும் மேற்பட்ட குழுக்களை எடுத்துக்கொண்டது. அவற்றில் 81 குழுக்களில், சில முன்னோரின் மரபணுவே திரும்பத் திரும்பச் சுற்றி வருவதைக் கண்டது. இரு பெற்றோரிடமிருந்தும் ஒரே குறை வந்து சேரும் மரபுநோய்களுக்கு இது வழி திறக்கிறது. நோயைப் பெருக்குவதும் சாதிவேலி. மருந்தைத் தேடும் வட்டத்தைச் சுருக்குவதும் அதே வேலி.

இதில் நாம் கவலைப்பட வேண்டிய இடம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் என்.எம்.டி.பி. கொடையாளர் பதிவேட்டுக் கணக்குப்படி, பொருத்தமான கொடையாளர் கிடைக்கும் வாய்ப்பு வெள்ளையருக்கு 79 விழுக்காடு. கறுப்பின மக்களுக்கு 29 விழுக்காடுதான். மரபணுப் பன்மை ஒரு காரணம். பதிவேட்டில் யார் இருக்கிறார்கள் என்பது இன்னொரு காரணம். உலகம் முழுவதும் 4 கோடிக்கும் மேற்பட்டோர் பதிந்திருக்க, அதில் இந்தியாவின் பங்கு மிகச் சிறியது. இங்கே சென்னையைச் சேர்ந்த தாத்ரி போன்ற அமைப்புகள் பதிவேடு நடத்துகின்றன. ஆனால் நான் பார்த்த பதிவு முகாம்கள் பெரும்பாலும் மென்பொருள் நிறுவனங்களிலும் தனியார் கல்லூரிகளிலும்தான். சேரிக்கும் மலைக்கும் அந்தப் பஞ்சுக்குச்சி போய்ச் சேரவில்லை என்றால், நாளை புற்றுநோயோடு வரும் தலித், பழங்குடிக் குழந்தைக்குப் பதிவேட்டில் யார் இருப்பார்கள்? பெற்றோர், உடன்பிறந்தோரின் பாதிப் பொருத்தத்தோடும் மாற்றுச் செய்யும் முறை இன்று வளர்ந்திருக்கிறது. அதற்கும் அரசு மருத்துவமனையில் படுக்கையும் பணமும் வேண்டும்.

ஆகவே நாம் கேட்க வேண்டியது: ஒவ்வொரு அரசு மருத்துவக் கல்லூரி ரத்த வங்கியிலும் திசுவகைப் பதிவு, அதற்கான சோதனைச் செலவு அரசுடையது, தொப்புள்கொடி ரத்தத்துக்குப் பொது வங்கி.

நாம் செய்ய வேண்டியதும் ஒன்று இருக்கிறது. அடுத்த முகாமில் ரத்தப் பைக்குப் பக்கத்தில் ஸ்டெம் செல் பதிவுக்கும் ஒரு மேசை போடுவோம். 18 முதல் 50 வயதுக்குட்பட்டவர்கள் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தேய்த்துக் கொடுத்தால் போதும். பொருத்தம் வந்தால் ஐந்து நாள் ஊசி, சில மணி நேரக் கொடை. கொடுத்தது சில வாரங்களில் ஊறிவிடும். பதிவுப் படிவத்தில் சாதிக்கென்று ஒரு கட்டம் வேண்டாம்.